எங்க பள்ளிக்கூடத்து பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு: பிள்ளைங்களுக்கு சோறாக்கச் சொல்லிக் குடுங்க

ஹெச்.எம் டீச்சருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துல பொறுப்புல இருக்க எல்லாருக்கும், கூட இருக்க பெத்தவங்களுக்கும் வணக்கம்.

நான் நம்ம பள்ளிக்கூடத்துல எட்டாங்கிளாஸ் படிக்கவனுக்கும் அஞ்சாங்கிளாஸ் படிக்கவளுக்கும் அப்பா. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடைல இருவது வருசமா வேல பாக்கேன். ரெண்டு மூணு மீட்டிங்ல இதப் பேசணும்னு எந்திரிச்சேன், ஃபீஸ், வேன், யூனிஃபார்ம்னு பேச்சு போயி நேரம் முடிஞ்சிருது. அதான் எழுதியே போட்டுருவோம், எல்லாரும் படிக்கட்டும்னு எழுதுதேன். பள்ளிக்கூடத்துப் பேர நான் போடல, ஏன்னா பாளையங்கோட்டைல எந்தப் பள்ளிக்கூடத்துல போயி பாத்தாலும் நெலம கிட்டத்தட்ட இதேதான்.

போன மாசம் நடந்த அடுப்பில்லா சமையல் போட்டில இருந்து ஆரம்பிக்கேன். எம் மவ அதுல சேந்திருந்தா, அவளுக்கு தட்டு, கரண்டி எல்லாம் எடுத்துக் குடுக்க நான் போயிருந்தேன். ஹால்ல பெஞ்ச சேத்துப் போட்டு வரிசையா டேபிள், ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நடந்தேன். பிஸ்கட்ட பொடிச்சு பால ஊத்திப் பெசஞ்சு கேக்கு மாதிரி அமுக்கி மேல சாக்லேட் சிரப்ப ஊத்தி கலர் மிட்டாய் தூவி வச்சிருக்கு ஒரு பிள்ளை, அடுத்த டேபிள்ல பிரெட்டும் ஜாமும் அடுக்கடுக்கா, அதுக்கு அடுத்தது சிப்ஸ் பாக்கெட்ட நடுவுல வெட்டி அதுக்குள்ளயே வெங்காயம் தக்காளிய போட்டு குலுக்கி வச்சது, எம் மவ டேபிள்ல கிரீம் பிஸ்கட்டுல செஞ்ச உருண்டை. அதுல நான் யாரையும் தள்ளிப் பேச முடியாது, அந்தப் பிஸ்கட்ட வாங்கிக் குடுத்தது நான்தான். கடைசி வரிசைல ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு, சிவப்பு அவல நனைச்சு கருப்பட்டிய சீவிப் போட்டு தேங்காப்பூவும் ஏலக்காயும் சேத்து ஒரு சின்ன கிண்ணத்துல வச்சிருந்துச்சு. கருப்பட்டி எங்க வாங்கினன்னு கேட்டேன், உடங்குடில இருந்து தாத்தா கொண்டு வந்தாவன்னு சொல்லிச்சு. எனக்கு ஒரு கரண்டி குடுத்துச்சு. அந்தக் கருப்பட்டி வாசன சாயங்காலம் வர வாயில நின்னுச்சு.

ஜட்ஜா வந்தவங்க அந்த டேபிள்ல ஒரு வாய் வச்சுட்டு நகந்துட்டாவ. பரிசு பிஸ்கட் கேக்குக்குப் போச்சு. செயிச்ச பிள்ளை மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, அது சொன்னதச் செஞ்சுச்சு, அழகாவும் செஞ்சுச்சு. எனக்கு வருத்தம் அந்தப் போட்டி மேலதான். அடுப்பு இல்லாம சமைன்னு சொன்னா பிள்ளை என்ன செய்யும், யாரோ ஏற்கனவே வேக வச்சு, பொரிச்சு, பாக்கெட்டுல அடச்சதத்தான் கொண்டு வந்து அடுக்கும். ஹால்ல அடுப்பு இல்லங்கதுனால அடுப்பே இல்லன்னு ஆயிருமா, அது எங்கயோ ஒரு ஃபாக்டரில எரிஞ்சுட்டுத்தான வந்திருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம அன்னைக்குச் சொல்லிக் குடுத்தது பாக்கெட்ட பிரிக்கவும் அடுக்கவும்தான், அதுக்கு சமையல்னு பேரு வச்சு சர்டிஃபிகேட்டும் குடுத்துட்டோம்.

இதச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, நாலு வருசம் எங்க வீடே அந்த பாக்கெட்லதான் ஓடிச்சு, அதான் தகுதி. எங்க வீட்ல அவ ஸ்டாஃப் நர்ஸ், ஷிஃப்ட் டூட்டி. மார்னிங் டூட்டின்னா ஆறரைக்கெல்லாம் கெளம்பணும், நைட் டூட்டின்னா காலைல வந்து அப்படியே படுத்துருவா. எங்கம்மா கூட இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. எங்க பெரியம்மாவுக்கு ஒடம்பு முடியாமப் போயி, அவியளப் பாத்துக்கிட அம்மா சேர்மாதேவிக்கே போன பெறவு, காலைல கடை மாவுல தோசை, தொட்டுக்கிட பாட்டில் தொக்கு, மத்தியானம் டப்பாவுக்கு புளியோதரை மிக்ஸ கிண்டி அடைக்கது, சாயங்காலம் நூடுல்ஸ், ராத்திரி ஃப்ரோசன் பரோட்டான்னு ஆயிப் போச்சு. ஒரு நாளு நான் சலிச்சுக்கிட்டப்போ அவ சொன்னா, 'நீங்க ஆக்குங்களேன்'. நியாயமான கேள்வி. எனக்கு ஆக்கத் தெரியாது. சின்ன வயசுல அடுப்படிக்குள்ள போனா 'ஆம்பளப் பையனுக்கு இங்க என்ன சோலி'ன்னு வெளிய அனுப்பிருவாவ. நாப்பத்தி மூணு வயசுல எனக்குத் தெரிஞ்சது சுடுதண்ணி வைக்கதும் முட்டை அவிக்கதும்தான்.

அப்புறம் ஒரு நாளு தல சுத்துதுன்னு சொன்னேன், அவ வீட்ல இருக்க மிஷின வச்சு பிரஷர் பாத்தா, நூத்தம்பதுக்கு நூறு. டாக்டர் மாத்திர எழுதிட்டு உப்ப கொறைங்கன்னு சொன்னாரு. நாங்க ஊறுகாய கொறைச்சோம், அப்பளத்த கொறைச்சோம். பிரஷர் எறங்கல. அப்போதான் அவ ஒரு பாக்கெட்ட எடுத்து பின்னால திருப்பி எங்கிட்ட குடுத்து 'இதப் படிங்க'ன்னா.

எங்க கடைல ஒருத்தர் மோட்டாருக்கு வயர் கேட்டா எத்தன ஹெச்பி, கெணத்துல இருந்து எவ்ளோ தூரம்னு கேக்காம நான் வெட்ட மாட்டேன், லோடு ஜாஸ்தியானா கரண்ட்ட நிறுத்துத எம்சிபி சுவிட்ச் கேட்டா லோடு எவ்ளோன்னு கேட்டுட்டுத்தான் எடுத்து வைப்பேன். பிள்ளைங்க வாயில போடுதத நாலு வருசத்துல ஒரு தடவ நான் திருப்பிப் பாத்ததில்ல. உங்கள்ல எத்தன பேரு பாத்திருக்கீங்கன்னு தெரியல, தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். பின்னால சாமான் பட்டியல் இருக்கும்லா, அதுல எது எடை ஜாஸ்தியோ அது மொதல்ல வரணும்னு சட்டம் இருக்கு. நான் பாத்த கிரீம் பிஸ்கட்டுல மைதாவுக்கு அடுத்ததே சீனிதான். சூப்புன்னு வாங்குனதுல சோளமாவு, சீனி, உப்பெல்லாம் வந்த பெறவுதான் காய்கறி வருது. அப்புறம் சோடியம்னு ஒரு கணக்கு போட்டுருக்கும், அத 2.5-ஆல பெருக்குனா உப்பு எவ்ளோன்னு வந்துரும். அன்னைக்கு என் கையில இருந்த நூடுல்ஸ் பாக்கெட்டுல 900 மில்லிகிராமுக்கு மேல சோடியம், அப்போ ரெண்டேகால் கிராம் உப்பு. எம் மவன் ரெண்டு பாக்கெட்ட ஒண்ணாப் போட்டுத் திம்பான், அங்கயே நாலரை கிராம் போச்சு. ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டில ஒரு ஆளுக்கு ஒரு நாளு முழுசுக்குமே 5 கிராம் உப்பு போதும்னு இருக்கு. அவ சொன்ன ஒண்ண இன்னும் மறக்கல. 'நீங்க கொழம்புல ஒரு கல்லு உப்ப கூடப் போட்டாலே நாக்கு சொல்லிரும், இதுல புளிப்பையும் சீனியையும் சேத்து வச்சிருக்கதால நாக்கு சொல்லாது'ன்னு.

அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டேன். நான் சோறாக்கப் படிக்கணும்னு சொன்னதும் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் 'ஏல, மொதல்ல கூட்டாஞ்சோறு வையி, அது ஒத்த சட்டி வேல'ன்னாவ. போன ஸ்பீக்கர்ல போட்டு உப்பு ஜாடில சாத்தி வச்சுட்டு அவிய சொல்லச் சொல்லச் செஞ்சேன். ரெண்டு டம்ளர் அரிசி, அர டம்ளர் துவரம்பருப்பு, கத்திரிக்கா, வாழைக்கா, சீனியவரைக்கா, முருங்கைக்கா, மாங்கா இருந்தா ரெண்டு கீத்து, ஒரு கை முருங்கக்கீரை. அரைக்கதுக்கு அர மூடித் தேங்கா, ஆறு வத்தல், ஒரு ஸ்பூன் சீரகம், நாலஞ்சு சின்ன வெங்காயம். நான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு புளியையும் கரைச்சு ஊத்தி மூடிட்டேன். தெறந்து பாத்தா அரிசி கொழஞ்சு நிக்கி, பருப்பு மட்டும் கல்லு மாதிரி கெடக்கு. அம்மாட்ட சொன்னேன், 'புளிய எப்ப ஊத்துன'ன்னு கேட்டாவ. புளித்தண்ணி முன்னாடியே சேந்தா பருப்பு வேகாது, பருப்பு பாதிக்கு மேல வெந்த பெறவுதான் புளியும் அரைப்பும் போவணும். அன்னைக்கு பிள்ளைங்க பருப்ப ஒதுக்கி வச்சுட்டு சோத்தத் தின்னுச்சுங்க, மீதம் வைக்கல. அடுத்த வாரம் சரியா வந்துச்சு. கடைசில நல்லெண்ணெல கடுகும் வடகமும் தாளிச்சு கொட்டுனேன், எதுத்த வீட்ல இருந்து 'யாரு, அம்மா வந்துட்டாவளா'ன்னு கேட்டாவ.

அம்மா எனக்கு மொத்தம் நாலே நாலுதான் சொல்லிக் குடுத்தாவ. கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும், ஒரு ரசமும் பருப்புத் தொவையலும், அப்புறம் மாவு அரைக்கது. உளுந்தஞ்சோறு இதுல எல்லாத்துலயும் லேசு. ரெண்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் தொலி உளுந்து, லேசா வறுத்துக்கிடணும், அர ஸ்பூன் வெந்தயம், பத்து பல்லு வெள்ளப்பூடு, தேங்காப்பூ, உப்பு, குக்கர்ல நாலு விசில். பொம்பளப் பிள்ளைங்களுக்கு இடுப்புக்கு நல்லதுன்னு பெரியவங்க குடுக்க உளுந்தங்களிக்கு இது கூடப் பொறந்தது. மாவுக்கு ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், கிரைண்டர் ஓடுத நேரம் அது பாட்டுக்கு ஓடும், நான் கணக்கு நோட்ட எடுத்துட்டு பக்கத்துல ஒக்காந்துருவேன். மூணு கிலோவுக்குக் கொறையாம மாவு வரும், நம்ம ஊரு சூட்டுக்கு ராத்திரி கரைச்சு வச்சா விடியக்காலம் பொங்கி நிக்கும், நாலு நாளு காலைலக்கு கவல இல்ல. நேரமில்ல நேரமில்லன்னு நாலு வருசம் சொன்னவன் நான். வாட்ச வச்சுப் பாத்துட்டேன், கூட்டாஞ்சோத்துக்கு காய் நறுக்குததுல இருந்து எறக்குதது வரைக்கும் நாப்பது நிமிசம், அதுல நான் நிக்க வேண்டியது இருவது. ஃப்ரோசன் பரோட்டாவ ஒவ்வொண்ணா கல்லுல போட்டு ரெண்டு பக்கமும் சுட்டு எடுக்கவும் எங்க நாலு பேருக்கு இருவது நிமிசம் ஆவும்.

தேங்காப்பால்ல வைக்க சொதிக் கொழம்பும் இப்போ எனக்கு வரும். சொதின்னா மறுவீட்டுச் சாப்பாடு, கல்யாணச் சமையல் செய்யுத தவசுப்பிள்ளை வந்து வச்சாத்தான் சொதின்னு ஒரு நெனப்பு நம்ம ஊர்ல உண்டு. அதுல சூட்சுமம் ரெண்டேதான், மொதப் பால ஊத்துன பெறவு கொதிக்க விடக்கூடாது, எலுமிச்சம்பழத்த அடுப்ப அணைச்ச பெறவுதான் பிழியணும். மத்ததெல்லாம் காய வேக வைக்கதும் சிறுபருப்ப மசிக்கதும் இஞ்சிச் சாறு விடுததும்தான். இந்த ரெண்ட யாரும் எனக்கு நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் சொல்லல, அதனால அது எனக்கு எட்டாத சாமானா இருந்துச்சு. கடைல புளியோதரை மிக்ஸ் வாங்குதவங்க பூராப் பேரும் சோம்பேறின்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும். புளிக்காச்சல் எப்படி வைக்கதுன்னு ஒருத்தர் பக்கத்துல நின்னு காட்டிருந்தா அதுல பாதிப் பேரு வாங்க மாட்டாவ.

பாக்கெட்டுன்னாலே கெட்டதுன்னும் நான் சொல்ல வரல. நம்ம ஆச்சிமாரு மட்டும் தெனமும் எல்லாத்தையும் மொதல்ல இருந்தா செஞ்சாவ? சித்திர வைகாசி வெயில்ல மொட்டமாடில பழைய வேட்டிய விரிச்சு கூழ் வத்தல் ஊத்தி, சீனியவரை வத்தல், மிதுக்க வத்தல், சுண்ட வத்தல், மோர் மிளகா, தாளிக்க வடகம், எல்லாம் வருசத்துக்கு ஆவுற மாதிரி டின்னுல அடைச்சு வச்சாவ. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் சம்படத்துல எப்பவும் இருக்கும். அவசரத்துக்கு எடுத்துப் போட அவியகிட்டயும் சாமான் இருந்துச்சு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் இன்னைக்கும் நான் வாங்குதேன், அதுவும் பாக்கெட்லதான் வருது, உள்ள உளுந்து மாவும் உப்பும் அப்பளக்காரமும்தான், எங்க வீட்டு அடுப்படில இருக்க சாமான். பட்டியல்ல நமக்குத் தெரியாத பேரு ஏழெட்டு வரிசையா நிக்குதுன்னா அதத்தான் நான் எடுத்த எடத்துலயே திருப்பி வைக்கேன்.

அந்த மாதிரி சாமானுக்கு அல்ட்ரா ப்ராசஸ்டுன்னு பேரு வச்சவரு பிரேசில் நாட்டுல சாவோ பாலோ யுனிவர்சிட்டில இருக்க கார்லோஸ் மான்டெய்ரோ. அமெரிக்காவுல 2019-ல கெவின் ஹால்னு ஒருத்தர் ஒரு சோதன பண்ணுனாரு, 20 பேர ஆஸ்பத்திரிலயே தங்க வச்சு, ரெண்டு வாரம் இந்த பாக்கெட் சாப்பாடு, ரெண்டு வாரம் நேரடியா சமைச்ச சாப்பாடு. ரெண்டுலயும் சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஒரே அளவுக்கு வச்சுட்டு, வேணுங்கற அளவு சாப்பிட்டுக்கிடுங்கன்னு விட்டுட்டாவ. பாக்கெட் சாப்பாடு தின்ன வாரத்துல ஒவ்வொருத்தரும் சராசரியா நாளுக்கு 500 கலோரி கிட்ட ஜாஸ்தி தின்னுருக்காவ, எடையும் ஒரு கிலோ கிட்ட ஏறிருக்கு. எங்க வீட்ல நான் இத கண்ணால பாத்திருக்கேன். எம் மவ ஒரு பாக்கெட் பிஸ்கட்ட முழுசா தின்னுட்டு கால் மணி நேரத்துல 'அப்பா பசிக்கி'ன்னு வந்து நிப்பா. ஒரு கிண்ணம் சுண்டல் தின்னா ராத்திரி வரைக்கும் கேக்க மாட்டா.

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு. மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-ல பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு விதி கொண்டு வந்திருக்கு, கொழுப்பும் சீனியும் உப்பும் ஜாஸ்தியா இருக்க சாமான பள்ளிக்கூட கேண்டீன்ல மட்டும் இல்ல, பள்ளிக்கூடத்தச் சுத்தி 50 மீட்டருக்குள்ள எங்கயும் விக்கக் கூடாது. நம்ம கேண்டீன்ல கண்ணாடி பெட்டிக்குள்ள என்ன தொங்குதுன்னு எல்லாரும் பாத்துருக்கோம். 2025 மே மாசம் சிபிஎஸ்இ அவிய பள்ளிக்கூடங்கள்ல சர்க்கரை போர்டு வைக்கச் சொல்லிருக்கு, எந்தக் குளிர்பானத்துல எவ்ளோ சீனின்னு பிள்ளைங்களுக்குத் தெரியட்டும்னு. நம்மளும் வைக்கலாம், நல்லதுதான். ஆனா போர்ட பாத்து ஒரு பிள்ளைக்கு தொவையல் அரைக்க வராது.

எம் மவன் தொவையல் அரைச்ச கதையச் சொல்லுதேன், நான் கேக்கப் போறதுக்கு அதான் காரணம். ஒரு ஞாயித்துக்கிழம அவன்ட்ட பருப்புத் தொவையல நீ அரைன்னு விட்டுட்டேன், நான் பக்கத்துல நின்னேன், கைய வைக்கல. வெறும் சட்டில ஒரு கை துவரம்பருப்பப் போட்டு கிண்ட ஆரம்பிச்சான். மொத ரெண்டு நிமிசம் ஒண்ணுமே நடக்கல, அவன் போன எடுத்துட்டான். அந்நேரம் வாசன மாறிச்சு, அவன் திரும்பதுக்குள்ள ஓரத்துப் பருப்பு கருத்துப் போச்சு. கருத்தத நான் பொறுக்கி எடுக்கல, அப்படியே அரைக்கச் சொன்னேன், வாயில வச்சதும் அவனே 'கசக்குப்பா'ன்னான். மறுபடி ஒரு கை பருப்பு. இந்தத் தடவ போன ஹால்ல வச்சுட்டு வந்தான். பருப்பு வெளுத்த மஞ்சள்ல இருந்து செவப்புக்கு வரதையே பாத்துட்டு நின்னான், செவக்கதுக்கும் கரியதுக்கும் நடுவுல அர நிமிசம்கூட இல்லன்னு அவனுக்கே வெளங்கிருச்சு, அடுப்ப அணைச்சதும் சட்டிச் சூட்டுல கரிஞ்சிரக் கூடாதுன்னு நான் சொல்லாமலே தட்டுல கொட்டுனான். மூணு வத்தல், ரெண்டு பல்லு பூடு, தேங்கா, கொட்டப்பாக்கு அளவு புளி, உப்பு. கொஞ்சமா தண்ணி தெளிச்சு கொறகொறன்னு அரைச்சான். சுடுசோத்துல நல்லெண்ணெ ஊத்தி அந்தத் தொவையல போட்டு அவனே பெசஞ்சு தங்கச்சிக்கு ஒரு உருண்ட, அம்மைக்கு ஒரு உருண்ட குடுத்தான். அவ நைட் டூட்டி முடிச்சு வந்த கண்ணோட வாங்கித் தின்னுட்டு ஒண்ணும் பேசல, அவன் தலயத் தடவிக் குடுத்துட்டுப் போயி படுத்துட்டா. அதுல இருந்து நூடுல்ஸ் வேண்டாம்னு நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அவனா கொறைச்சுட்டான். வேற ஒண்ணு செய்யத் தெரிஞ்சா பிள்ளை அதுக்குப் போயிருது.

அதனால நான் கேக்கது இதுதான். மாசத்துல ஒரு சனிக்கிழம, ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும், பையனும் பொண்ணும் சேந்து, உண்மையான அடுப்புல ஒரு சாப்பாடு ஆக்கிப் படிக்கட்டும். வருசத்துக்கு பத்து சனிக்கிழம, பத்து சாப்பாடு. பத்தாங்கிளாஸ் முடிச்சு வெளிய போற பிள்ளை சென்னைலயோ பெங்களூர்லயோ ஒரு ரூம் எடுத்துத் தங்குனா நாலு சட்டியும் ஒரு அடுப்பும் வச்சு பொழைச்சுக்கிடும்.

பையன்கள கட்டாயம் சேக்கணும்னு நான் அழுத்திச் சொல்லுதேன். நான் எழுதுதத எடுத்துட்டுப் போயி ஒரு வீட்ல ஒருத்தர் பொண்டாட்டிட்ட 'பாத்தியா, பாக்கெட் வாங்காத, ஆக்கிப் போடு'ன்னு சொன்னா அத மாதிரி எனக்கு வருத்தம் வேற இல்ல. எட்டு மணி நேரம் நின்னு வேல பாத்துட்டு வாரவகிட்ட போயி அம்மியையும் ஆட்டுரலையும் பத்திப் பேச யாருக்கும் உரிம கிடையாது. வீட்ல ரெண்டு பேருக்கு, மூணு பேருக்கு ஆக்கத் தெரிஞ்சாத்தான் இது நடக்கும். ஒருத்தி தலைல ஏத்துனா அவ பாக்கெட்ட வாங்கத்தான் செய்வா, வாங்குதது நியாயம்.

தீப் பயம்னு சொல்லுவீங்க, அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, ஏன்னா அது என் சோலி. கேஸ் வேண்டாம், ஆறு இண்டக்‌ஷன் அடுப்பு வைப்போம். ஒரு அடுப்பு 2000 வாட்ஸ், கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், அத நம்ம கிளாஸ்ரூம்ல இருக்க 6 ஆம்ப் பிளக்குல மாட்டவே கூடாது, உருகிரும். ஒவ்வொரு அடுப்புக்கும் தனி லைன் இழுத்து 16 ஆம்ப் பாயிண்ட், தனித்தனி எம்சிபி, மொத்தத்துக்கும் கரண்ட் கசிஞ்சா உடனே லைன நிறுத்துத 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, எர்த் சரியா இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாத்துரணும். பழைய லேப் ரூம் பூட்டியே கெடக்கு, அதுல மேட சிமெண்ட்டுலயே இருக்கு, தண்ணிக் கொழாயும் இருக்கு. வயரிங் கூலி எனக்கு வேண்டாம், ரெண்டு ஞாயித்துக்கிழமைல முடிச்சுத் தாரேன், சாமான எங்க கடைல வாங்குன வெலைக்கே தரச் சொல்லி மொதலாளிட்ட பேசிட்டேன். கத்திக்கு வேணும்னா ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு பெரியவங்க நறுக்கிக் குடுக்கட்டும், எட்டாங்கிளாஸுக்கு மேல அதுங்களே நறுக்கணும்.

சொல்லிக் குடுக்க ஆள் எங்கன்னு கேட்டா, நம்ம பிள்ளைங்களோட ஆச்சி தாத்தா எத்தன பேரு சாயங்காலம் கேட்டுல வந்து நிக்காவ, அவியள உள்ள கூப்பிடுங்க. டவுன் பக்கத்து ஆச்சி இடிசாம்பார் காட்டட்டும், மேலப்பாளையத்துல இருந்து வார பிள்ளையோட உம்மா நோன்புக்கஞ்சி காட்டட்டும், காணத் (கொள்ளு) தொவையல், சுக்கு காப்பி, பனங்கெழங்கு அவிக்கதுன்னு யார் வீட்டுப் பக்குவமும் வரட்டும். அளவ மட்டும் ஒரு பிள்ளைய விட்டு நோட்டுல எழுதச் சொல்லுங்க. எங்கம்மா 'கை சொல்லும்'னுதான் சொன்னாவ, என் கை சொல்லுததுக்கு ஆறு மாசம் ஆச்சு.

கேண்டீன்லயும் ஒரு மாத்தம் வேணும். எதுத்தாப்ல இருக்க பெட்டிக்கடை அண்ணாச்சி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவரு பொழப்பு. அவருகிட்டயே பேசுவோம், சுண்டலும் அவிச்ச கடலையும் சீனிக்கெழங்கும் நம்ம பிள்ளைங்க வாங்கும்னு தெரிஞ்சா அவரு போட மாட்டேன்னா சொல்லுவாரு. கேண்டீன் குத்தகைய புதுப்பிக்கும்போது அந்த 2020 விதிய ஒரு வரியா சேத்துருங்க, அவ்ளோதான்.

இதெல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒத்து வராதுன்னு போன தடவ ஒருத்தர் சொன்னாரு. காமராஜர் 1956-ல மதிய உணவ எட்டயபுரத்துல தொடங்கி வச்சப்போ அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. பள்ளிக்கூடத்துல அடுப்பு மூட்டி பிள்ளைங்களுக்கு சோறு ஆக்குததுக்கு நம்ம மண்ணுல அவ்ளோ பழக்கம் இருக்கு. இன்னைக்கும் நம்ம தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்க கவர்மெண்ட் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல காலை உணவுத் திட்டத்துல பிள்ளைங்க சூடா பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் திங்குது. அதே நேரத்துல ஃபீஸ் கட்டிப் படிக்க நம்ம பிள்ளைங்க வேன்ல ஒக்காந்து கிரீம் பிஸ்கட்ட பிரிக்கி. அந்த வேன்ல எம் மவளும் நாலு வருசம் இருந்தா.

இப்போ என் பிரஷர் நூத்தி முப்பதுக்குள்ள நிக்கி, மாத்திரையும் சாப்பிடுதேன், அத நிறுத்தல, நீங்களும் டாக்டரக் கேக்காம நிறுத்திராதீங்க. சாப்பாட்ட மாத்துனதாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்போ எங்க வீட்ல எவ்ளோ உப்பு போவுதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா போடுதது என் கை.

அடுத்த மீட்டிங் வார ரெண்டாஞ்சனிக்கிழமன்னு மெசேஜ் வந்திருக்கு. அஜெண்டால இத ஒரு பாயிண்டா சேத்து, பதினஞ்சு நிமிசம் ஒதுக்கித் தாங்கன்னு கேட்டுக்கிடுதேன். ஒத்த இண்டக்‌ஷன் அடுப்பும் 16 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நான் கொண்டு வாரேன், எம் மவன் உங்க முன்னாலயே பருப்பு வறுத்து தொவையல் அரைப்பான், மிக்ஸி மட்டும் ஆபீஸ் ரூம்ல இருக்கத தாங்க. சோறு வீட்லயே வடிச்சு தூக்குச்சட்டில கொண்டு வந்துருதோம். அந்த ஏழாங்கிளாஸ் பிள்ளையையும் அதோட தாத்தாவையும் கூப்பிட முடியுமான்னு கிளாஸ் டீச்சர்ட்ட கேட்டுருக்கேன். அவல் நான் வாங்கிட்டேன், கருப்பட்டி அவிய கொண்டு வரணும்.

இப்படிக்கு,
எட்டு பி பையனோட அப்பா,
பாளையங்கோட்டை.